தென்னையா, வாழையா

“நான் பொய் ஒண்ணும் சொல்லலையே, மேடம். அப்புறம் ஏன் அந்தம்மா காலையிலேர்ந்து சாப்பிடலை?”

நல்லசிவன் கேட்டது தன் ஆசிரியை ரெஜினாவிடம். இருவரும் புற்றுநோய் அறுவை மருத்துவர்கள்.

அந்தம்மா, மாடத்தி. ஐம்பத்தாறு வயது. தொடைச் சதைக்குள் வளர்ந்த புற்றுக்கட்டியை அறுத்தெடுத்து ஒன்பது நாள். லட்சத்தில் ஒருவருக்கு வரும் வகை. என் விலாசத்தை அதுக்கு எவன் கொடுத்தான் என்று கேட்டு வார்டையே சிரிக்கவைத்தவள்.

ஊரில் அவளுக்கு நாற்பது சென்ட் பட்டா நிலம். யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. பதினோரு வருடம் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வாங்கியது. அதில் தென்னை வைக்கலாமா, வாழை வைக்கலாமா என்று நல்லசிவனிடம் கேட்டாள். தென்னை காய்க்க ஆறு வருடம். வாழைக்கு ஒன்று போதும்.

அவன் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் அட்டவணையை விரித்தான். வயது, கட்டியின் அளவு, ஆழம், வகை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டினான். இவளைப் போன்ற நூறு பேரில் அறுபத்தொரு பேர் ஐந்து வருடம் தாண்டுவார்கள் என்று வந்தது. அப்படியே சொன்னான்.

நான் அந்த அறுபத்தொண்ணுல சேத்தியா, மிச்சத்துல சேத்தியா என்றாள் அவள்.

அது அட்டவணையில் இல்லை.

“வாழையே வைங்கம்மா” என்றான்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரெஜினா எழுந்து வார்டுக்கு நடந்தாள். நல்லசிவன் பின்னால் போனான்.

ரெஜினா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மாடத்தியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பாதத்தால் தன் உள்ளங்கையை அழுத்தச் சொன்னாள். மாடத்தி அழுத்தினாள். போன வாரத்தைவிட பலம் கூடியிருந்தது.

“நான் எதுல சேத்தி, டாக்டரம்மா?”

“தெரியலக்கா.”

காலை மடியிலிருந்து இறக்கவில்லை.



“தென்னம்பிள்ளை வச்சா, அது பெருசாகுற வரைக்கும் நடுவுல கெடக்கிற இடத்தை என்னக்கா செய்வீங்க?”

மாடத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற இரக்கம் முகத்தில் தெரிந்தது.

“வாழை வைப்போம்.”



பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, நல்லசிவன் பக்கத்தில் மூடியிருந்த சாப்பாட்டுத் தட்டைக் காட்டினாள்.

“தம்பி, அதை இங்கிட்டு எடும்.”