சடையப்பனுக்கு ஒரு புள்ளி

முட்டாள்கள் எந்த ஊரில்தான் இல்லை? ஆனால் ஹெல்மெட் போட்ட முட்டாள்களைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் ஊசிப்பாறைக்குத்தான் வர வேண்டும். அங்கே ஒரு மலைச்சைக்கிள் சங்கம் உண்டு. தலைவர் எத்திராசு யோசிக்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் யோசிப்பதுதான் சங்கத்துக்கே ஆபத்து. உறுப்பினர்கள் கொழந்தசாமியும் சடையப்பனும். அவ்வளவுதான் சங்கம்.

இதில் கவலை சடையப்பனுக்குத்தான். வருஷக்கணக்காகப் பந்தயத்தில் சைக்கிள் மிதிக்கிறார், ஒரு புள்ளிகூட வாங்கியதில்லை. அதே பந்தயத்தில் ஓட்டும் அவர் மச்சானிடம் நாலு புள்ளி இருக்கிறது. அதனால் மாமியார் வீட்டு விருந்தில் ஈரலெல்லாம் மச்சான் தட்டுக்குப் போகும், சடையப்பன் தட்டில் எலும்பு விழும். "ஒரே ஒரு புள்ளி வாங்கிட்டு வாங்க. அதுக்கப்புறம்தான் எங்கம்மா வீட்டுப் பக்கம் போவோம்" என்று மனைவி செங்கமலமும் சொல்லிவிட்டாள். பாவம், மனுஷன் அழாத குறை.

புள்ளிக் கணக்கு இதுதான். புள்ளி உள்ளவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள், இல்லாதவர்கள் கடைசி வரிசையில். முதலில் வரும் பத்துப் பேருக்கு மட்டும் புள்ளி. பாதை ஒற்றையடிப் பாதை, முந்த வழியே கிடையாது. ஆகவே கடைசியில் நின்றவன் முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியைத் தின்றுகொண்டே கடைசியில் வந்து சேருவான். அடுத்த பந்தயத்திலும் அவனுக்குக் கடைசி வரிசைதான். இதைக் கண்டுபிடித்தவர்கள் படித்தவர்கள்.

ஒருமுறை போட்டி அதிகாரி லாரன்ஸ், "நாங்க ஆளைப் பார்க்க மாட்டோம். நம்பர் அட்டை எல்லைக் கோட்டைத் தாண்டுதான்னுதான் பார்ப்போம்" என்று மைக்கில் சொன்னார். நம்மவர்கள் உடனே அட்டைகளைக் கழற்றி, மோட்டார் சைக்கிளில் போன பால்காரரிடம் கொடுத்தனுப்பினார்கள். முதல் ஆள் வருவதற்கு முன்பே அட்டைகள் பால்கேனோடு கோட்டைத் தாண்டிவிட்டன. புள்ளி பால்காரருக்கும் கிடைக்கவில்லை.

சடையப்பன் லாரன்ஸிடம் நேரிலேயே போய்க் கேட்டார். "சார், முன்வரிசை கிடைக்க என்ன பண்ணணும்?"

"புள்ளி எடுங்க."

"புள்ளி எடுக்கணும்னா?"

"முன்வரிசையில இருந்து கிளம்பினா எடுக்கலாம்." சொன்ன பிறகு லாரன்ஸுக்கே தலை சுற்றியது. "ஐயா, என்னை விடுங்க. அடுத்த தடவை நிக்கும்போது திரும்பிப் பாருங்க, உங்க நிலைமை உங்களுக்கே புரியும்."

அடுத்த பந்தயத்தில் மூவரும் கடைசி வரிசையில் சைக்கிளோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"முன்னாடி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் எத்திராசு.

"ஈ காக்கா இல்லண்ணே" என்றார் கொழந்தசாமி.

"அப்ப இதுதான் முன்வரிசை."

"பாதை அந்தப் பக்கம்ல இருக்கு?" என்று இழுத்தார் சடையப்பன்.

எத்திராசு யோசித்தார். "பாதை வட்டம்தானப்பா. எந்தப் பக்கம் போனாலும் இங்கதான வந்து சேரணும்?"

விசில் அடித்ததும் மூவரும் எதிர்ப்பக்கம் பறந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக வாயில் புழுதி படாமல் சைக்கிள் ஓட்டிய சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி வழியில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான இடத்தில், போட்டியின் முதல் ஆள் எதிரே வந்து நின்றான். அவன் பின்னால் மொத்தக் கூட்டமும் வந்து நின்றது.

"தம்பி, எல்லாரும் வழி தப்பிட்டீங்க போலிருக்கே" என்றார் கொழந்தசாமி பரிவோடு.

அன்றைக்குப் பந்தயம் முடிய இருட்டிவிட்டது. லாரன்ஸ் கொதித்துப் போய் மூவருக்கும் ஆளுக்குப் பத்துப் புள்ளி கழித்தார். கழிக்க அவர்களிடம் ஏது புள்ளி? பலகையில் பத்து என்று எழுதி, அதற்கு முன்னால் ஒரு கோடு போட்டார்.

மூவரும் பலகையை வெகுநேரம் பார்த்தார்கள்.

"பத்து போட்டிருக்கு. முன்னாடி ஒரு கோடும் இருக்கே?" என்றார் சடையப்பன்.

"வேற யாருக்கும் கோடு இல்ல, பார்த்தியா?" என்றார் எத்திராசு. "மரியாதைக்குப் போட்டிருப்பாங்க."

"எங்க மச்சானுக்கு?"

"வெறும் நாலு. மொட்டையா நிக்குது."

அந்தத் தீபாவளிக்கு மாமியார் வீட்டில் ஈரல் முழுக்கச் சடையப்பன் தட்டில் விழுந்தது. கோடு வாங்குவது எப்படி என்று மச்சான் மெதுவாக விசாரித்தார். அதெல்லாம் உழைப்பு என்று சொல்லிவிட்டார் சடையப்பன்.

அடுத்த பந்தயம் வந்தது. புள்ளியே இல்லாதவர்களுக்கும் பின்னால்தானே இவர்கள் நிற்க வேண்டும்? அங்கே பந்தயம் முடியும் இடத்து அலங்கார வளைவைக் கட்டியிருந்தார்கள். வேறு இடமில்லாததால் மூவரையும் அந்த வளைவுக்கும் பின்னால் நிறுத்தினார்கள்.

விசில் அடித்தது. மூவரும் இரண்டு மிதி மிதித்து, வளைவைத் தாண்டி, சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு இறங்கினார்கள்.

லாரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "யோவ், மலையைச் சுத்திட்டு வரணும்யா!"

"அவங்க நிதானமா சுத்திட்டு வரட்டும் சார்" என்றார் எத்திராசு. "பரிசு வாங்க எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சடையப்பன் மட்டும் மேடையேறி, மாலை போடத் தோதாகத் தலையைக் குனிந்து நின்றுகொண்டார்.