ஒண்ணும் மிஞ்சாத நாவப்பழம்

ஒரு ஊர்ல ஒரு பூவாயி இருந்தா. அவ புருசன் மாடப்பன், மலையில தேன் எடுக்கிறவன். ஒருநாள் போனவன் திரும்பவே இல்லை. அந்த மலைக்குகையில பன்னெண்டு பூதம், எல்லாம் அண்ணன் தம்பிங்க. தூக்கத்தைக் கலைச்சுட்டான்னு அவனைப் பிடிச்சு உள்ள போட்டு, பெரிய பாறையால தடால்னு அடைச்சிருச்சுங்க. கேக்குறியா? ம்.

அப்புறம் பூவாயி அவனைத் தேடி அந்தக் குகைக்கே ஓடிப்போய், "என் புருசனை விட்ருங்க"ன்னு அழுதா.

மூத்த பூதம் சொல்லுச்சு: "நாவப்பழம் கொண்டா. நாங்க ரெண்டு பேராவும் வருவோம், பன்னெண்டு பேராவும் வருவோம். எத்தனை பேர் வந்தாலும் சமமாப் பிரியணும். ஒண்ணு மிஞ்சினாலும் எங்களுக்குள்ள அடிதடிதான். மூணு தடவை பார்ப்போம். அப்பவும் மிஞ்சினா, அவன் எங்களுக்கு."

பூவாயி முழுசா ஆயிரம் பழம் கொண்டுபோனா. வந்தது ஏழு பூதம். பங்கு போட்டா ஆறு பழம் மிஞ்சிருச்சு! டமார் டுமீர்னு சண்டை.

அப்போ அவ, ஏழு பேருக்குன்னு ஏழாயிரம் கொண்டுபோனா. வந்தது ஒன்பது! ஏழு பழம் மிஞ்சுச்சு. மலையே கிடுகிடுன்னு ஆடுது. குகைக்குள்ள இருந்து மாடப்பன், "பூவாயி, கல்லு உருளுது, நீ வீட்டுக்குப் போயிரு!"ன்னு கத்துறான்.

வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கலை. உக்காந்து யோசிச்சா. எட்டுப் பேருக்குச் சரியாப் பிரிஞ்சா, நாலு பேருக்கும் ரெண்டு பேருக்கும் தன்னால பிரியும்ல? ம். எட்டை ஒன்பதால பெருக்குனா எழுபத்திரண்டு. மூணு, ஆறு, ஒன்பது, பன்னெண்டு எல்லாம் அதுல அடங்கிருச்சு. அதை அஞ்சால பெருக்குனா முந்நூத்தறுபது. அஞ்சு பேருக்கும் ஆச்சு, பத்துப் பேருக்கும் ஆச்சு. அப்புறம் முரண்டு பிடிக்கிறது ஏழும் பதினொண்ணும்தான். ஏழால பெருக்குனா ரெண்டாயிரத்து ஐநூத்து இருபது. அதைப் பதினொண்ணால பெருக்குனா... இருபத்தேழாயிரத்து எழுநூத்து இருபது! அம்மாடி!

ஊரே மரத்தை உலுக்குச்சு. பொலபொலன்னு பழம். எண்ணி எண்ணி வண்டியில ஏத்தினாங்க.

இந்தத் தடவை பன்னெண்டும் வந்துச்சு. ஆளுக்கு ரெண்டாயிரத்து முந்நூத்துப் பத்து. ஒண்ணும் மிஞ்சலை. உடனே ஒரு பூதம், எப்படியாவது ஒண்ணு மிஞ்சட்டும்னு, "ஐயோ வயித்துவலி"ன்னு நைசா புதருக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. மத்த பதினொண்ணும் குவிச்சுப்போட்டுத் திரும்பப் பிரிச்சா, ஆளுக்கு ரெண்டாயிரத்து ஐநூத்து இருபது. மிச்சமில்லை! இன்னொண்ணு, "கால் சுளுக்கு"ன்னு நொண்டிக்கிட்டே ஓடுச்சு. பத்துப் பேருக்கும் சரியா வந்துச்சு. ஒன்பது, எட்டு, ஏழு... கடைசியில மூத்தது மட்டும் குவியல் முன்னாடி நிக்குது.

"அடேய் தம்பிகளா, வெளிய வாங்கடா! சண்டை போட ஒரு பழம்கூட இல்லைடா!"ன்னு கெக்கெக்கென்னு சிரிச்சுச்சு.

அப்புறம் எல்லாம் சேர்ந்து பாறையைக் கரகரன்னு தள்ளுச்சுங்க. மாடப்பன் கண்ணைக் கசக்கிக்கிட்டு வெளிய வந்தான். பூவாயி அவன் தோள்ல ஒரு அடி வச்சா, அப்புறம் அங்கேயே சாஞ்சு அழுதா.

"சாப்பிட்டியா புள்ள?"ன்னான்.

"இனிமேதான்"னா.

பின்னாடி பூதமெல்லாம் ஊதா நாக்கோட சப்புச்சப்புனு தின்னுக்கிட்டிருக்க, ரெண்டு பேரும் கையப் பிடிச்சு மெதுவா வீட்டுக்கு நடந்தாங்க. பயம் போச்சு, கதையும் மலையிறங்கிருச்சு. நீ கண்ணை மூடு, செல்லம்.