இளக்கி சொன்ன ஒரே சொல்

ஒரு தாயின் வயிற்றுக்குள் ஒரு தசை இருந்தது. கருப்பையின் சுவரே அதுதான். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: இறுகுவது. ஆனால் உள்ளே ஒரு குழந்தை குடிவந்த நாளிலிருந்து அந்த வேலையைச் செய்ய விடாமல் ஒருவன் தடுத்துக்கொண்டே இருந்தான்.

அவன் பெயர் இளக்கி. சுவரோரம் ஓடும் நரம்பின் நுனியில் இரண்டு வகைத் தூதர்கள் குடியிருந்தார்கள். முறுக்கி வந்தால் "இறுகு" என்பான். இளக்கி வந்தால் "இளகு" என்பான். இரண்டு பேருமே கண்ணுக்குத் தெரியாத துளிகள். ஆனாலும் அவ்வளவு பெரிய தசை அவர்கள் பேச்சைத் தட்டியதில்லை.

முறுக்கி எப்போதாவதுதான் வருவான். இளக்கியோ பொழுது விடிந்தால் வந்து நிற்பான்.

"இளகு."

"வந்துவிட்டாயா? உனக்கு வேறு பிழைப்பே இல்லையா?" என்று தசை எரிந்து விழும். இளக்கி ஒரு நாளும் பதில் பேசியதில்லை. அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டது தசை. வீட்டுக்கு யார் வந்தாலும் "வா" என்று ஒரு வார்த்தை சொல்வோம் இல்லையா? ஏழு மாதத்தில் தசை அதைக்கூடச் சொல்லவில்லை. உண்மையில் திமிர் யாருக்கு என்று பாருங்கள்.

அந்தத் தாயின் பெயர் தமயந்தி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதத்தில் ஒரு நாள், அவசர ஆர்டர் என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் மெஷினை விட்டு எழாமல் இருந்தாள். உடம்பு தவித்தது. நரம்பு பதறிப்போய் முறுக்கிகளைக் கூட்டம் கூட்டமாக அனுப்பிவிட்டது.

"இறுகு! இறுகு!"

தசைக்குக் கொண்டாட்டம். சும்மா கிடந்த பலத்தையெல்லாம் கூட்டி இறுகியது. உள்ளே குழந்தை சுருண்டது. அதற்கு இன்னும் நுரையீரல் சரியாக வளரவில்லை. இப்போது வெளியே வந்தால் பிழைப்பது கஷ்டம்.

"அக்கா, வயிறு கல்லாட்டம் ஆயிருச்சுங்கக்கா" என்றாள் தமயந்தி, பக்கத்து மெஷினில் இருந்த பாப்பாத்தியிடம்.

பாப்பாத்தி போட்டது போட்டபடி எழுந்தாள். "இங்க வா கண்ணு. இந்தத் தண்ணியக் குடி மொதல்ல. இடது கைப்பக்கமாப் படு. சூப்பர்வைசர் கெடக்கறாரு, நான் பாத்துக்கறேன்."

தமயந்தி துணிக்கட்டுகளின் மேல் சாய்ந்தாள். தண்ணீர் உள்ளே போனதும் நரம்புக்குக் கொஞ்சம் நிதானம் வந்தது. இளக்கி ஓடி வந்தான்.

"வாயைத் திறக்காதே!" என்று கத்தியது தசை. "நேற்றும் நீதான், முந்தாநாளும் நீதான். என்னை இறுகவே விடமாட்டாயா?"

இளக்கி விழித்தான். "நேற்று வந்தது நான் இல்லையே அண்ணே. அவன் எனக்கு மூத்தவன்."

"அவன் எங்கே இப்போது?"

"சொன்னான், கரைந்துவிட்டான். எங்களுக்கு 'இளகு' என்கிற அந்த ஒரு சொல்தான் ஆயுசு. சொல்லி முடித்தால் இருக்கமாட்டோம்."

தசைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே ஆள் என்று நினைத்தல்லவா இத்தனை நாளும் ஏசியது! எட்டிப் பார்த்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் பல இளக்கிகள் தங்கள் முறைக்காக நின்றிருந்தார்கள்.

"அப்படியானால் நீ சொல்லாமலே போய்விடேன்" என்றது. குரல் இறங்கியிருந்தது.

"உள்ளே பிள்ளை இருக்கிறதே அண்ணே" என்றான் இளக்கி. பிறகு சொன்னான்: "இளகு."

சொன்ன இடத்திலேயே கரைந்துபோனான். தசை இளகியது. தமயந்தியின் வயிறு மெல்ல மெல்லப் பழையபடி ஆனது.

அதன் பிறகு தசை யாரையும் ஏசவில்லை. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு "வா" என்று சொல்வது என்று நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. பத்தாம் மாதத்தில் ஒரு நாள் இளக்கி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தேடிப் பார்த்தால் நரம்பே மெலிந்து ஒதுங்கியிருந்தது. இனி இறுகவேண்டிய காலம், குறுக்கே யாரும் நிற்கக்கூடாது என்று தானாகவே விலகிக்கொண்டிருந்தது.

தசை தன் வேலையைச் செய்தது. பெண் குழந்தை. மூன்று கிலோ. வீல் என்று அழுதது.

பார்க்க வந்த பாப்பாத்தியின் கையைத் தமயந்தி பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க இல்லீன்னா இவ இல்லீங்கக்கா."

"அட போ கண்ணு! ஒரு டம்ளர் தண்ணி குடுத்தேன். அதுக்குப் போயி..." என்ற பாப்பாத்திக்கும் கண் கலங்கிவிட்டது.

தமயந்தி சொன்ன அதே வார்த்தையைத் தசைக்கும் சொல்லவேண்டும் போலிருந்தது. தமயந்திக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தது. தசை யாரிடம் போய்ச் சொல்லும்?

வாரங்கள் போயின. நரம்பு மறுபடி துளிர்த்தது. ஒரு நாள் அதன் நுனியிலிருந்து ஒரு புது இளக்கி இறங்கி வந்தான். வந்ததும் வாயைத் திறந்தான்.

"வா, வா" என்றது தசை அவசரமாக. "சொல்லிவிடாதே தம்பி. நான் இளகித்தான் இருக்கிறேன். நீ கொஞ்ச நேரம் இரு."