குப்பை விழாத வீடு

இனிமேல் குப்பையை எடை போட்டுத்தான் காசு என்று பேரூராட்சி சொன்னதுதான் தாமதம், அரிசி ஆலை முதலாளி குழந்தைவேலு வீட்டில் குப்பையே விழாமல் போய்விட்டது. தள்ளுவண்டியும் தராசுமாக வாசலில் வந்து நிற்கும் துப்புரவுக்காரி மயிலாத்தாளிடம், "நம்ம வீட்ல ஏது குப்பை? சைபர்னு எழுதிட்டுப் போ" என்பார். பதினோரு பேர் தின்று தீர்க்கிற அந்த வீட்டுக் குப்பையோ விடிவதற்குள் கார் டிக்கியில் ஏறிப்போய்ப் பின்தெருத் தொட்டியில் இறங்கிவிடும். அந்தத் தொட்டி எடைக்கான காசு பின்தெரு ஏழைகள் தலையில் பங்காக விழும்.

மயிலாத்தாளும் மறுபேச்சு பேசாமல் மூன்று மாதம் சைபரே எழுதினாள். நாலாம் மாதம் முதலாளி வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்குள் பாய்ந்தார். செயல் அலுவலர் நோட்டைப் புரட்டினார்.

"மூணு மாசம் குப்பை வரலைன்னா அது ஆளில்லாத வீடுங்க. ஆளில்லாத வீட்டுக்குத் தண்ணி கிடையாதுங்க."

"பதினோரு பேர் குடியிருக்கோமய்யா."

"ஆளிருந்தா ஒரு கறிவேப்பிலைக் காம்பாவது விழுமுங்களே" என்றாள் பக்கத்தில் நின்ற மயிலாத்தாள்.

"விழாம என்ன? பின்தெருத் தொட்டியில கிடக்கிற மூட்டையில பாதிக்கு மேல என் வீட்டுதுதான். வந்து பாருங்க." அவரே எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனார்.

தெருவே கூடிவிட்டது. மயிலாத்தாள் தராசைத் தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"ஒவ்வொண்ணா எடுத்து வைங்க முதலாளி. எது உங்க வீட்டுதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களே."