பாத்ரூமில் வழுக்கி விழுந்தவன்

முதலில் என்மேல் கைவைத்தவர் இன்ஸ்பெக்டர் குணசீலன்தான். இருபது நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று காலிக்குடங்களோடு சாலை மறியல் செய்தோம். என்னை மட்டும் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் லத்தியால் வலது கையை முறித்தார். நான் கொத்தனார். அந்தக் கைதான் எனக்குச் சோறு.

மறுநாள் கோர்ட் வாசலில் காதோடு சொன்னார்: "மாஜிஸ்திரேட் அம்மா கேட்டா, ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. மாத்திச் சொன்னே, உன் மகனையும் உள்ளே வைப்பேன்."

மாஜிஸ்திரேட் அம்மா என் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்து, "கை என்னாச்சு?" என்றார்.

"ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேம்மா."

குணசீலன் மீசையைத் தடவிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை.

"தரை பூராத் தண்ணிம்மா. தொட்டி நிறைஞ்சு வழியுது. இது தெரியாம நாங்க ரோட்டுல உக்காந்துட்டோம். எங்க பொம்பளைங்க குடத்தோட வெளியிலதான் நிக்கிறாங்க. ஸ்டேஷனுக்குப் போய்ப் பிடிச்சுக்கச் சொல்லுங்கம்மா."

ஜன்னலுக்கு வெளியே குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. குணசீலன் முந்திக்கொண்டு கத்தினார்.

"பொய்ம்மா! ஸ்டேஷன்லயும் இருபது நாளாச் சொட்டுத் தண்ணி கிடையாது. பாத்ரூமைப் பூட்டியே வச்சிருக்கோம்!"

"பூட்டின பாத்ரூம்லயா இவர் விழுந்தார்?" என்றார் அம்மா.

எனக்கு ஜாமீன் கிடைத்தது, அவர்மேல் விசாரணை வந்தது. நாலு வருஷமாக அது நடக்கிறது. அவர் வேறு ஊரில் அதே தொப்பியோடு திரிகிறார். என் கை கோணலாகக் கூடிவிட்டது. "நான்தான் அடிச்சேன்" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை எனக்கு வரவேண்டியிருக்கிறது. அதை வாங்காமல் சாக மாட்டேன்.