பூக்க மறந்த பால்வள்ளி

மலைகளுக்கெல்லாம் பேர் வைத்து முடியாத காலம் அது. காட்டுப்பன்றிக்குப் பேச்சு வரும், கொடிக்குக் கோபம் வரும், மனிதனுக்கு மட்டும் மறதி வரும். அந்தக் காலத்தில் ஏழுசுனை என்று ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. அங்கே நெல் கிடையாது, சோளம் கிடையாது. காலையில் வள்ளிக்கிழங்கு, ராத்திரி வள்ளிக்கிழங்கு, விருந்தாளி வந்தால் அதே வள்ளிக்கிழங்கு, கொஞ்சம் தேன் தொட்டு. சிரிக்காதீர்கள், நம் வீட்டில் மட்டும் என்ன வாழுதாம்?

அந்த ஊருக்குச் செம்பாயி மருமகளாக வந்தபோது மலைச்சரிவு முழுக்க வள்ளிக்கொடி பூத்துக் கிடந்தது. பூ என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கடுகு மாதிரி மொட்டு, நூலில் கோத்தது போல் சரம் சரமாகத் தொங்கும். ஆனால் வாசனை! சாயங்காலம் ஆனால் ஊரே மணக்கும். அவள் புருஷன் சடையன் ஒரு சரத்தைப் பறித்து அவள் கொண்டையில் சொருகி, “எங்க ஊர்ல மல்லி கிடையாது புள்ளே, இதை வச்சிக்க” என்பான்.

மணக்கிறது ஆண்கொடிப் பூ, காய்க்கிறது பெண்கொடிப் பூ. அந்தப் பூ போனால் மூன்று இறக்கை வைத்த காய் வரும். காய் வெடித்தால் வெங்காயச் சருகு மாதிரி விதை. காற்றடித்தால் விதை சுற்றிச் சுற்றிப் பறந்து கூரையில் விழும், குழம்பில் விழும், பிள்ளை தலையில் விழும்.

விழுந்த விதை முளைக்கும். ஆனால் ஒன்று போல் ஒன்று இருக்காது. ஒன்று கசக்கும், ஒன்று நாக்கை அரிக்கும், ஒன்று வேர் மாதிரி மெலிந்து கிடக்கும். தோண்டுகிறவன் திட்டிக்கொண்டேதான் தோண்டுவான்.

ஒரு வருஷம் செம்பாயி குடிசைக்குப் பின்னால் தோண்டினாள். வந்ததே ஒரு கிழங்கு! தொட்டில் பிள்ளை கனம். வெட்டினால் பால் வெள்ளை. வேகவைத்தால் மாவாக உதிர்ந்தது. பால்வள்ளி என்று பேர் வைத்தாள். கஞ்சத்தனம் தெரியாதவள், கிழங்கைத் துண்டு போட்டாள். அடுத்தடுத்த வருஷங்களில் விளைந்ததையும் துண்டு போட்டு, வீட்டுக்கு வீடு கொடுத்தாள். துண்டை நட்டால் தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. கசப்பு இல்லை, அரிப்பு இல்லை, ஏமாற்றம் இல்லை.

பிறகு ஊர் சும்மா இருக்குமா? “கொடி பூத்தா கிழங்கு இளைச்சிடும்” என்று யாரோ சொன்னார்கள். அதில் பொய்யும் இல்லை. அதனால் பூ விடும் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, பூக்கிள்ளு நாள் என்று திருநாளாக்கினார்கள். ஊர்த் தலைவன் மூப்பன் முதல் பூவைக் கிள்ளுவான், பிறகு மேளம் கொட்டி ஊரே கிள்ளும். தானாக முளைத்த நாற்றைக் கண்டால் பிடுங்கினார்கள். கிழங்கு சிறுத்த ஆண்கொடியைக் கண்டால் பிடுங்கினார்கள். பிடுங்கியதையெல்லாம் கூடையில் அள்ளி வடக்குப் பாறைச்சரிவில் கொட்டினார்கள். செம்பாயியும் நடுவதற்குத் துண்டு எடுக்கும்போது பூக்காத கொடியாகப் பார்த்தே எடுத்தாள்.

வருஷம் போனது, பூ குறைந்தது. இன்னும் வருஷம் போனது, பூ அரிதானது. மேலும் வருஷம் போனது, பால்வள்ளி பூப்பதையே விட்டுவிட்டது.

அப்போது இந்த மகராசர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். கிள்ளப் பூ இல்லை. ஆனால் திருநாளை விட மனசு வருமா? சுரைப்பூவைப் பறித்து, நூலால் வள்ளிக்கொடியில் கட்டி, மேளம் கொட்டி, மூப்பன் வந்து அதைக் கிள்ளினான்! கட்டுகிறதும் இவர்களே, கிள்ளுகிறதும் இவர்களே, கன்னத்தில் போட்டுக்கொள்கிறதும் இவர்களே.

செம்பாயியும் கட்டினாள். அதற்குள் சடையன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் தம்பி மாதன் மூப்பனாகிவிட்டான். அவள் தலையும் நரைத்துவிட்டது. சுரைப்பூவைக் கட்டும்போது மட்டும் அந்தப் பழைய வாசனை எங்கிருந்தோ வருவது போல இருக்கும். திரும்பிப் பார்ப்பாள், ஒன்றும் இருக்காது. சுரைப்பூவுக்கு ஏது அந்த மணம்?

ஒரு மழைக்காலத்தில் மாதன் தோட்டத்தில் ஓர் இலையில் கறுப்புப் புள்ளி விழுந்தது. அது கொடியைப் பிடித்தது, அடுத்த தோட்டத்தைப் பிடித்தது, பள்ளத்தாக்கையே பிடித்தது. எல்லாம் ஒரே கிழங்கின் துண்டுதானே! ஒன்றைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு மற்றதைக் கொல்ல யோசனை எதற்கு? முதல் வருஷம் கிழங்கு சிறுத்தது. மறு வருஷம் விரல் தடிமன்கூட இல்லை. மூன்றாம் வருஷம் மண்ணைத் தோண்டினால் மண்தான் வந்தது.

மாதன் ஊரைக் கூட்டினான். “வர்ற மழைக்கும் கிழங்கு இறங்கலேன்னா, கீழ்நாட்டுக்குப் போயிட வேண்டியதுதான். யார் வயல்லயாவது கூலிக்கு நிப்போம். வேற வழியில்ல.”

செம்பாயி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். சடையனைப் புதைத்த மண் இது. வீட்டுக்கு வீடு அந்தத் துண்டைக் கொடுத்தவளும் அவள். ஊர் கலைந்தால் அது தன்னால்தான் என்று நினைத்து நினைத்து அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

முதலில் தன் தோட்டத்துப் பால்வள்ளியிடம் போனாள். “ஒரே ஒரு தடவை பூத்துக் குடு தாயி. புது விதை வேணும், புதுப் பிள்ளை வேணும்.”

கருகிய கொடி சொன்னது: “பூக்கிறது எப்படின்னே எனக்கு மறந்து போச்சு. கிள்ளிக் கிள்ளி மறக்கடிச்சது நீதானே?”

அடுத்து, பாழடைந்த ஆட்டுப்பட்டி வேலியில் ஒரு கிழட்டுக் கொடியைப் பார்த்தாள். பூத்திருந்தது! ஓடிப்போய் முகர்ந்தாள். மணமே இல்லை.

“நான் பெண்கொடி” என்றது அது. “ஆண்கொடியையெல்லாம் பிடுங்கி எறிஞ்சிட்டீங்க. வருஷா வருஷம் பூக்கிறேன், வெறுமனே உதிருறேன். எங்கிட்ட விதை கேட்டு வந்தியாக்கும்!”

மூன்றாவதாக எங்கே போவது? எறிந்த இடம் ஒன்றுதான் பாக்கி. வடக்குப் பாறைச்சரிவு ஊர்க் குப்பை விழுகிற இடம், யாரும் இறங்குவதில்லை. செம்பாயி வேரைப் பிடித்து, கல்லைப் பிடித்து இறங்கினாள். பாதி வழியில் வாசனை வந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதே வாசனை. சடையன் கை கொண்டையில் பட்ட மாதிரி இருந்தது. “அட பாவி மனுசா, இத்தனை நாளும் இங்கயா இருந்தே?” என்று வாய்விட்டுக் கேட்டு, குழந்தை போல அழுதாள்.

பிடுங்கி எறிந்த நாற்றெல்லாம் குப்பையில் வேர்விட்டிருந்தன. ஆணும் பெண்ணும் ஒன்றோடொன்று பின்னி, பாறை மேலே ஏறிக் கிடந்தன. கறுப்பு நோய் அங்கேயும் வந்திருந்தது. சில கொடிகள் செத்துக் கிடந்தன, சில பாதி கருகி நின்றன, சில ஒன்றுமே நடக்காதது போலப் பச்சைப்பசேல் என்று நின்றன.

“வந்தது யாரு?” என்றன கொடிகள்.

“தூக்கி எறிஞ்சவதான்.”

“உண்மையைச் சொல்லிட்டே. எடுத்துக்க. ஆனா எங்களுக்குள்ள கசக்கிறவனும் உண்டு, அரிக்கிறவனும் உண்டு. நல்லவன் யாருன்னு இப்பவே தெரியாது. எல்லாரையும் விதைக்கணும்.”

காற்று வந்தது. விதைகள் சுற்றிச் சுற்றி அவள் மடியில் விழுந்தன.

ஊர் திரும்பியவளின் மடியைப் பார்த்த மாதன் தலையில் அடித்துக்கொண்டான். “மதினி, பசிச்சவனுக்கு வெங்காயச் சருகையா கொண்டாறே?”

“இந்த மழைக்குத் தாக்குப்பிடிச்சு ஒரு கொடியாவது பச்சையா நிக்கட்டும் கொழுந்தா. நிக்கலேன்னா முதல் மூட்டையை நானே கட்டுறேன்.”

ஊர் காட்டுக்கீரையும் மூங்கிலரிசியும் தின்று பொறுத்தது. செம்பாயி எல்லா விதையையும் விதைத்தாள். நோஞ்சான் நாற்றைக் கண்டு பழைய பழக்கத்தில் பிடுங்க வந்தவர்களை விரட்டி அடித்தாள். மழை வந்தது, மழையோடு நோயும் வந்தது. விடிந்ததும் தோட்டத்துக்கு ஓடுவாள். இன்றைக்கு ஒரு வரிசை கருகியிருக்கும், நாளைக்கு இன்னொரு வரிசை. ஊரில் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மழை நின்றது. நாலைந்து கொடிகள் பச்சையாக நின்றன.

மாதன் ஒன்றைத் தோண்டினான். சுண்டுவிரல் தண்டிக்குச் சிவப்பாக ஒரு கிழங்கு. சுட்டுக் கடித்தவன் முகம் கோணியது. “கசக்குது மதினி.”

“கசக்கட்டும். இருக்குதில்ல?”

மாதன் சிரித்தான். சிரித்துக்கொண்டே போய்த் தன் வீட்டு மூட்டையை அவிழ்த்தான். அதைப் பார்த்து ஊரே அவிழ்த்தது. அடுத்த வருஷம் கிழங்கு கைத்தடிமன் ஆனது. அதற்கடுத்த வருஷம் பானை நிறைந்தது. பால்வள்ளியின் ருசி வரவில்லை, உண்மைதான். ஆனால் அடுப்பு எரிந்தது.

அந்த வருஷம் பூக்கிள்ளு நாளும் வந்தது. மேளம் வந்தது, நூல் வந்தது, சுரைப்பூ வந்தது. தோட்டத்துக்குப் போனால் கட்ட வேண்டிய தேவையே இல்லை, கொடி நிறையப் பூ! ஊர் ஆரவாரம் செய்தது. பழக்கம் யாரை விட்டது? மாதன் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் பூவைக் கிள்ளக் கை நீட்டினான்.

செம்பாயி அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். ஊருக்கு நடுவில், மூப்பன் கையை! மேளம் நின்றது.

“வேண்டாம் மூப்பரே” என்றாள்.

மாதன் அவளைப் பார்த்தான், பூவைப் பார்த்தான். குனிந்து முகர்ந்தான். அவன் அரைஞாண் கயிற்றோடு திரிந்த வயசு ஞாபகம் வந்தது. “மதினி, அண்ணன் உன் கொண்டையில சொருகுமே, அதா இது?”

“அதேதான்யா.”

அவன் கிள்ளவில்லை. கொடியை மெல்ல வளைத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து முடிக்கும்வரை அப்படியே பிடித்திருந்தான். பிறகு கொடியை விட்டான். கொண்டுவந்த சுரைப்பூவை அவள் கையில் கொடுத்து, “இதைக் கூட்டு வச்சிடு மதினி, எல்லாரும் சாப்பிடுவோம்” என்றான். மேளம் மறுபடி கொட்டியது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: இன்றைக்கு இனிக்கிற ஒன்றுக்காக மற்றதையெல்லாம் கிள்ளி எறிகிறவர்கள், நாளைக்குப் பிழைக்கும் வழியையும் சேர்த்தே எறிகிறார்கள்.