நண்டுத்தாங்கல்காரர்கள் வரலாறு தோண்டிய கதை

வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டின சின்ன ஊர்களை லேசாக நினைத்துவிடக் கூடாது. புங்கநேரியில் ஒரு ராஜா, சண்டைக்குப் போகிற வழியில் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார். அந்த முள்ளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கல்லேரியில் ரயில் நிலையம் இருக்கிறது, தண்டவாளம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் ஊர்ப்பெயர் குழம்பிக் கட்டிவிட்டார்களாம். இரண்டு ஊரிலும் எக்ஸ்பிரஸ் பஸ் நிற்கும்.

நடுவில் இருக்கிற நண்டுத்தாங்கலில் நிற்காது. அங்கே எப்போதும் எதுவும் நடந்ததில்லை.

இட்லிக்கடை பச்சையம்மாளின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோதுகூட, "இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா" என்று கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பேரன் புளியமரத்தடியில் பிறந்தான். அன்றிலிருந்து பச்சையம்மாள் தினமும் அந்தக் கண்டக்டரைத் திட்டிவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்பாள்.

கடைசியில் ஊராட்சித் தலைவர் தீர்த்தகிரி சுற்றுலா ஆபீசுக்கே போனார். அங்கே சுகந்தி மேடம் நல்ல மாதிரி.

"உங்க ஊர்லயும் வரலாறு இருக்கும்ங்க. கொஞ்சம் தோண்டிப் பாருங்க. கிடைச்சதுமேல கை படாம பாத்துக்கோங்க. கல்வெட்டு கிடைச்சா யோகம்தான். கல்வெட்டு பொய் சொல்லாது. வெள்ளிக்கிழமை நானே வர்றேன்."

மறுநாள் காலை ஊரே மண்வெட்டியோடு கூடியது.

"எங்க தோண்டறது?" என்றார் தலைவர்.

முனிரத்தினம் யோசித்தார். ஊரில் அவர் ஒருவர்தான் மூக்குக்கண்ணாடி போட்டவர். அதனால் யோசிக்கிற வேலை அவருடையது. "வரலாறுன்னா இன்னா? நடந்தது. ஜனங்க எங்க நடப்பாங்க?"

"தெருவுல."

"அப்ப தெருவத் தோண்டு."

தோண்டினார்கள். மத்தியானத்துக்குள் வெளியே இருந்தவர்கள் வீட்டுக்குப் போக முடியவில்லை. வீட்டில் இருந்தவர்கள் வெளியே வர முடியவில்லை. மண்ணில் வரலாறு ஒட்டிக்கொண்டிருந்தால் வீணாகிவிடுமே என்று அதை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் கொட்டினார்கள். தலைவர் வீட்டுக் கட்டிலில் மண் படுத்துக்கொண்டது. தலைவர் கோயிலில் படுத்துக்கொண்டார்.

தெரு முடிந்ததும் குளத்தங்கரை. அங்கேயும் ஜனங்கள் நடப்பார்களே. அங்கேதான் மண்வெட்டி 'ணங்'கென்றது. ஒரு கல். என்றைக்கோ யாரோ துணி துவைக்க ரோட்டோரத்திலிருந்து பெயர்த்துவந்து போட்டு, சேற்றில் புதைந்துபோன கல். அது இவர்களுக்குத் தெரியாது. கை படக் கூடாதென்று காலால் உருட்டி, காலாலேயே தேய்த்துக் கழுவினார்கள். எழுத்துத் தெரிந்தது. முனிரத்தினம் உரக்கப் படித்தார்:

"நண்டுத்தாங்கல் 2 மைல்."

பச்சையம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப, இது எந்த ஊரு?"

"கல்வெட்டு பொய் சொல்லாதுன்னு மேடமே சொல்லிட்டாங்க," என்றார் தலைவர். "நண்டுத்தாங்கலுக்கு இன்னும் ரெண்டு மைல் போகணும். நம்ம தாத்தனுங்க கால் வலிச்சு இங்கியே உக்காந்துட்டாங்க போல."

"அதான் பஸ் நிக்கல!" என்றார் முனிரத்தினம். "ஊரே இல்லாத எடத்துல எப்பிடிப்பா நிறுத்துவான்?"

பச்சையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அய்யோ, அந்தக் கண்டக்டர் நல்ல மனுஷன். வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே."

தலைவருக்கு வேறு கவலை. "ரெண்டு தடவ ஜெயிச்சும் ஊர்ப்பக்கமே போகாம இருந்துட்டேனே. ஜனங்க இன்னா நெனப்பாங்க?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஊர் கிளம்பியது. சட்டி, பானை, கோழி, அம்மி எல்லாம் கிளம்பின. வழி தவறிவிடக் கூடாதென்று கல்லையும் எடுத்துக்கொண்டார்கள். கை படாமல் கயிற்றுக் கட்டிலில் உருட்டி, கட்டிலைத் தோளில் தூக்கினார்கள்.

ரெண்டு மைல் நடந்தார்கள். ஒரு பொட்டல் வந்தது.

"வந்தாச்சா?"

முனிரத்தினம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு மைல்."

நடந்தார்கள். மறுபடியும் பார்த்தார்கள். மறுபடியும் ரெண்டு மைல்.

எதிரே ஜீப் வந்து நின்றது. சுகந்தி மேடம் இறங்கினார். "எல்லாரும் எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"நண்டுத்தாங்கலுக்கு, மேடம்."

"நானும் அங்கதான் போயிட்டிருக்கேன். அது உங்களுக்குப் பின்னாடி இருக்கு!"

படித்தவர் இப்படிச் சொல்கிறாரே என்று ஜனங்களுக்குப் பாவமாக இருந்தது. தலைவர் கட்டிலை இறக்கிக் கல்லைக் காட்டினார். மேடம் படித்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது மைல்கல்லுங்க. இருந்த இடத்துல இருந்தாத்தான் சரியா சொல்லும்."

"இருந்த இடத்துலயும் இதையேதான் சொல்லுச்சு, மேடம்," என்றார் தலைவர் பணிவாக.

மேடம் ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது முனிரத்தினம் ஒரு துள்ளு துள்ளினார். "புரிஞ்சிபோச்சு! நாம நடக்க நடக்க ஊரும் முன்னாடி நடக்குது. நம்ம வேகத்துக்கே நடக்குது. அதான் ரெண்டு மைல் கொறையவே மாட்டேங்குது."

"அப்ப இன்னா பண்றது?"

"ஓடணும்!"

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கட்டில் தோளுக்கு ஏறியது. சட்டி பானை கலகலக்க, கோழிகள் கத்த, மொத்த ஊரும் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

பச்சையம்மாள் மட்டும் மூச்சு வாங்கத் திரும்பி வந்து ஜீப்பைத் தட்டினாள்.

"மேடம், உங்ககிட்ட வண்டி இருக்குல்ல? கொஞ்சம் முன்னாடி போயி, அந்த ஊர நிக்கச் சொல்லுங்களேன்!"